பெட்ரோலை மூடி இறங்கிய வண்டி

நான் வண்டி வாங்கியதற்குக் காரணம் சாயங்காலத் தண்ணீர்.

எண்பதுகளின் தொடக்கம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, பெரியகுளத்தில் பாசன வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். கண்மாய் மடைகளின் ஷட்டர்கள், பம்புசெட்டுகள், அவற்றில் வரும் பழுதுகள் எல்லாம் என் பொறுப்பு. தேவதானப்பட்டியிலிருந்து கெங்குவார்பட்டி வரை என் பிரிவு. அந்தப் பக்கம் முறைத்தண்ணீர் திறப்பது பொழுது சாயும்போதுதான். ஷட்டர் ஒழுகுகிறதா, கடைசி வயலுக்குத் தண்ணீர் போகிறதா என்பதெல்லாம் அப்போது நின்று பார்த்தால்தான் தெரியும். கரையிலிருந்து ரோட்டுக்கு நடந்து பஸ் பிடிக்க வேண்டியிருந்ததால் நான் வெயில் தாழ்வதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். மறுநாள் மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு அறிக்கை எழுதுவேன்.

எங்கள் அதிகாரி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்களக் குறை சொல்லல. ஆனா கேட்டு எழுதுறதுக்கு இங்கன வேற ஆளு இருக்கு. பொங்கல் வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறம் டிராயிங் டேபிளுக்கு வந்துருங்க. ஃபேன் இருக்கு."

ஃபேன் இருக்கு என்பதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த டிராயிங் அறையை எனக்கு நன்றாகத் தெரியும். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். மத்தியானம் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து மெஸ்ஸுக்குப் போவார்கள். நான் அந்த அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவேன். கண்மாய்க்குப் போனால்தான் நாலு பேர் என்னிடம் பேசுவார்கள். அதுவும் போய்விட்டால், காலையில் பால்காரரிடம் சொல்லும் "அரை லிட்டர்" தான் நாளெல்லாம் நான் பேசும் பேச்சாக இருக்கும்.

புது ஸ்கூட்டருக்குப் பதிந்தால் கைக்கு வர வருஷங்கள் ஆகும். போடியில் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். மலைமேல் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வண்டி கேரளப் பதிவு. வரி கட்டாமல், சக்கரம் சுற்றாமல் கிடந்தது.

"ராசியில்லாத வண்டி தாயி," என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். "ரெண்டு தடவ சிலிண்டரக் கடஞ்சு பிஸ்டன் மாத்தியாச்சு. ரெண்டு தடவையும் மலையிறங்கி முந்தல்கிட்ட வரும்போது கட்டையா இறுகிப்போச்சு. ஏறும்போது சிங்கம். இறங்கும்போதுதான் ஏதோ புடிக்குது அத."

"எப்பிடி ஐயா இறங்குவீக?"

"எப்பிடின்னா? மல உச்சியில போடிமெட்டுலயே பெட்ரோல் குழாய மூடிருவேன். கியர்ல போட்டுவிட்டா அதுபாட்டுக்கு இறங்கும். சொட்டுச் செலவில்ல! எங்க தோட்டத்துல எல்லாரும் அப்பிடித்தான் இறங்குவாக."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த இன்ஜினில் பிஸ்டனுக்கென்று தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் ஆயில்தான் உள்ளே போய் வழவழப்பைக் கொடுக்கும். பெட்ரோலை மூடினால் ஆயிலும் நின்றுவிடும். கியரில் இறங்கும்போது சக்கரம் பிஸ்டனை விடாமல் ஏற்றி இறக்கும். மலை முழுக்க அது காய்ந்த சிலிண்டரில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. இதை அவரிடம் விளக்கினேன்.

"இன்ஜினே ஓடல. ஓடாத இன்ஜினுக்கு எதுக்குத்தா ஆயிலு?" என்று சிரித்தார்.

"ஓடலன்னாலும் பிஸ்டன் ஆடுதுல்ல ஐயா."

"இருக்கும், இருக்கும். படிச்ச பிள்ள சொல்லுது." நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நம்பாததால்தான் எனக்குக் கட்டுப்படியாகும் விலைக்குக் கொடுத்தார்.

எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் நிம்மதி. சிலிண்டர், பிஸ்டன், ரிங், பாயிண்ட், கேபிள்கள், டயர் என்று ஒரு வரிசை. கேரள அலுவலகத்தின் ஆட்சேபணை இல்லைச் சான்று, பெயர் மாற்றம், வரி, இன்சூரன்ஸ், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்வை, என் லைசென்ஸ் என்று இன்னொரு வரிசை. இரண்டும் பொங்கலுக்கு முன் முடிய வேண்டும். நான் குடியிருந்த வீட்டுக்காரர் வாசலில் கிரீஸ் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் வண்டியை அந்தக் கொட்டகையிலேயே வைத்து வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போடிக்குப் போவேன். பெட்ரோல் டாங்கில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கித் துரு எடுத்தேன். சிலிண்டரைத் தேனிக்குக் கொண்டுபோய்க் கடைந்து வந்தேன். கணக்கப்பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த நட்டு எங்க அப்பன் காலத்துலயே சுத்தாது," என்பது போல ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறும்போது, ஏதோ விருந்துக்குப் போய்வந்தது போல இருக்கும்.

கேரளச் சான்றுக்கு லீவு போட்டு மலைக்கு அந்தப் பக்கம் போனேன். ஜன்னலில் இருந்தவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூடெ ஆரா?"

"ஆரும் இல்ல," என்றேன். அது அவருக்கும் புரிகிற பாஷைதான். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் முத்திரை வைத்தார்.

மார்கழியில் ஒரு ஞாயிறன்று, நாலாவது உதையில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க நீலப் புகை. "அடேயப்பா!" என்று கணக்கப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார். சந்தை கூடாத நேரம் பார்த்து, சந்தைத் திடலில் வண்டியை மெதுவாக ஓட்டிப் பழகினேன். பிஸ்டன் புதிது, கொஞ்ச நாளைக்கு மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று அவரிடமும் சொல்லி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு போனபோது கிக்கர் இறங்கவில்லை. முழு எடையையும் கொடுத்து மிதித்தேன். கல்லை மிதித்தது போல இருந்தது. கணக்கப்பிள்ளை நாற்காலியில் இல்லை. நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு தெருவைப் பார்த்தார்.

"மேல போனீகளா?"

"ஒரே ஒரு தடவதான் தாயி. வித்த வண்டி, கடைசியா ஒருக்கா மெட்டப் பாத்துட்டு வரட்டுமேன்னு…"

"பெட்ரோல மூடுனீகளா?"

தன் கையைப் பார்த்துக்கொண்டார். "நெனச்சு மூடல. கை தானா அங்கன போயிருச்சு. முப்பது வருசமா போன கை."

வியாழக்கிழமை தேனியில் ஆய்வாளர் முகாம். அதை விட்டால் அடுத்தது பொங்கல் கழித்துத்தான். அவரைத் திட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து என்னோடு பேச இருந்த ஆள் அவர் ஒருவர்தான். ஸ்பேனரை எடுத்தேன்.

இருந்த லீவையெல்லாம் போட்டேன். சிலிண்டரில் டீசலை ஊற்றி ஊறவிட்டு, மரக்கட்டையால் தட்டித் தட்டிக் கழற்றினேன். பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் கோடு கோடாக அப்பியிருந்தது. எமரித் தாளால் அதைத் தேய்த்து எடுக்க ஒரு பகல் போயிற்று. பள்ளத்தில் ஒட்டிக்கொண்ட ரிங்கை உடைந்த ஆக்ஸா பிளேடால் நெம்பி விடுவித்தேன். அது உடைந்தால் வேறு ரிங் மதுரையிலிருந்துதான் வர வேண்டும். உடையவில்லை. அந்த நாட்களில் கணக்கப்பிள்ளை கொட்டகைப் பக்கமே வரவில்லை. செம்பில் தண்ணீர் மட்டும் நான் பார்க்காதபோது வாசலில் வந்திருக்கும். வெட்கத்தில் அவர் உள்ளே இருந்தார். வந்து உட்காரச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை, வண்டி ஓட்டுவதற்கென்று தைத்து வைத்திருந்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் 'எல்' எழுதி ஒட்டி, போடியிலிருந்து தேனி வரை அடங்கிய வேகத்தில் ஓட்டினேன். வழியெல்லாம் இன்ஜின் சத்தத்தைத் தவிர எதையும் கேட்கவில்லை.

முகாமில் ஆண்கள் கூட்டம். ஆய்வாளர் சேசிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். விளக்கு, ஹாரன், பிரேக் பார்த்தார்.

"ஓட்டப்போறது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப எட்டுப் போடுங்க."

சுண்ணாம்புக் கோட்டில் நான் திரும்பும்போது யாரோ, "ஏலே, எட்டுப் போடச் சொன்னா கோலம் போடுது பாரு!" என்றான். கூட்டம் சிரித்தது. கோலம் போடுகிறவளுக்குப் புள்ளி தவறாது. கால் ஊன்றாமல் முடித்தேன். ஆய்வாளர் வண்டிக் காகிதத்திலும் லைசென்ஸ் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார்.

புது நம்பரைப் பலகையில் எழுதி, அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தினேன். அதிகாரி பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார்.

"பெட்ரோலுக்குப் படி கிடையாதும்மா."

"தெரியும் சார்."

"சரி. தேவதானப்பட்டிய நீங்களே பாருங்க."

இதைச் சொல்ல அன்று எனக்கு ஆள் இல்லை. நேரே கண்மாய்க்குப் போனேன். பஸ்ஸில் போனால் பூக்கூடைக்காரி யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊரு, கல்யாணம் ஆயிருச்சா என்று கேட்டுக்கொண்டு வருவாள். அந்தக் கேள்விகளும் இனி இல்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

பொழுது சாய்ந்ததும் மடை திறப்பவர் ஷட்டரைத் தூக்கினார். சற்று ஓடவிட்டு, ஒருமுறை இறக்கச் சொல்லிப் பார்த்தேன். அடியில் இடது ஓரமாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது.

"ரெண்டு வருசமா இப்பிடித்தான்," என்றார். "சொன்னோம். விடியிறதுக்குள்ள சகதி அடைச்சிரும். பகல்ல வந்து பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு போயிட்டாக."

ஒழுகல் எவ்வளவு நீளம் என்று குனிந்து அளந்து எழுதிக்கொண்டேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"இருட்டப்போகுது. வீட்டுல தேடமாட்டாகளா?"

"தேட மாட்டாக," என்றேன். "அடுத்த மடையையும் தூக்குங்க, பாப்போம்."