காகிதத்தின் இரண்டாவது வரி

கம்பி உருளையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்னக் காகிதம் இன்னும் எனக்கு மனப்பாடம். முதல் வரியில் ஓர் எண்; செம்பின் தடிமன். இரண்டாவது வரி, மேலே சுற்றிய பட்டு நூல் அந்தக் கணக்கில் சேராது என்று இங்கிலீஷில் சொன்னது. சுரங்கத்தில் ஆட்கள் போகும் இரும்புக் கூண்டான கேஜை ஏற்றி இறக்க அடையாளம் கொடுக்கும் மின்மணிகளை எங்கள் கொட்டகையில் பழுது பார்ப்பார்கள். ஸ்கெலட்டன் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து நடந்து அங்கே வேலைக்குப் போனவர்களில் அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் மேஸ்திரிக்கு எண் மட்டும் தெரியும்.

தலைமுடியைவிட மெல்லிய கம்பி; மணிக்குள் வைக்கும் சுருளாக அதைச் சுற்றுவது என் வேலை. சுற்றும் பொறியில் மாட்டுகிற பல்சக்கரத்தைப் பொறுத்துத்தான் சுற்றுக்குச் சுற்று தூரம் அமையும். மேஸ்திரி காகிதத்து எண்ணுக்கே சக்கரம் மாட்டுவார். பட்டுக்கு இடமில்லாமல் கம்பி முந்தைய சுற்றின்மேல் ஏறும், பட்டு கிழிந்து செம்போடு செம்பு தொடும், மணி ஊமையாகும். அப்படி இரண்டு சுருள் கெட்டன. பழி என் கைக்கு. மூன்றாவதும் கெட்டால் அம்மாவோடு கல் பொறுக்கப் போய்விடு என்று சொல்லிவிட்டார்.

ஸ்லேட்டுக் குச்சியில் இருபது சுற்று சுற்றி, அளந்து, வகுத்துக் காட்டினேன்.

“பட்டு நூலையும் சேத்தா இவ்ளோ வருதுங்க மேஸ்திரி. துளி எடம் வுட்டுச் சுத்தணும்.”

“இன்னா வாத்தியாரம்மா, கம்பிக்கே பாடமா? எடம் வுட்டா சுத்து கொறையும். அப்புறம் மணி எங்க அடிக்கும்? ஒட்டிச் சுத்து, போ.”

பக்கத்துப் பலகை அக்கா சிரித்தாள். “நீ எட்டாங் கிளாஸ் படிச்சுட்டன்னா கம்பி பயப்படுமாடி?”

அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனதும் சக்கரத்தை மாற்றினேன். கோடு போட்ட நோட்டுப்போலக் கம்பி படிந்தது. ஒரு முறைகூட ஏறவில்லை. குறைந்த சுற்றுகளை ஈடுகட்ட மேலே இன்னோர் அடுக்கு போட்டேன். மெழுகுத் துணியால் மூடிக் கட்டிவிட்டு, பழைய சக்கரத்தை மாட்டி வைத்தேன்.

மணி கணீரென்று அடித்தது. மேஸ்திரி எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: “பாத்தீங்களா? நான் சொன்னாப்ல ஒட்டிச் சுத்தினா எப்டி அடிக்குது! இப்பதான் இந்தப் பொண்ணுக்குக் கை படிஞ்சிருக்கு.”

சக்கரத்தை மாற்றியதைச் சொல்ல நினைத்தேன். ஆனால் நிரூபிக்க வேண்டுமென்றால் துணியை அறுத்து அந்தச் சுருளைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் அதுவே நான் கெடுத்த மூன்றாவது சுருள்.

சொல்லாமலே அடுத்த உருளையை எடுத்தேன்; வேலை பிழைத்தது. மறுநாள் முதல், அவர் சாப்பிடக் கிளம்பும்வரை கம்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். படித்த திமிர், சோம்பேறி என்று பேர் வாங்கினேன்.