பிடோக்கிலிருந்து கிராஞ்சிக்கு, மடியில் ஒரு ரேடியேட்டர்

பழைய காருக்கு வேறு ஏதோ காரின் ரேடியேட்டரைப் பொருத்தும் யோசனையில் இருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. சிங்கப்பூரில் வாயைப் பிளந்து பார்க்க நிறைய இடங்கள் உண்டு. நான் வாயைப் பிளந்த இடத்துக்கு டிக்கெட் கிடையாது, கழிப்பறையும் சுமார்தான்.

போனது ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. போனதற்குக் காரணம் நான்தான். மாமாவின் கார், அதாவது அம்மாவுடைய தம்பியின் கார், எனக்கு ஒரு வயது மூத்தது. பதினெட்டு. அதைக் கழுவும்போது மட்டும்தான் மாமா வாய்விட்டுப் பாடுவார். எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தொடுவது போல் ஒரு குட்டி ஸ்டிக்கர் அச்சடித்து, மீட்டர் கண்ணாடிமேல் ஒட்டினேன். "மாமா, வண்டி கொதிக்குது, சத்தியமா!" அவர் பதறி ஓரம் கட்டியதை வீடியோவும் எடுத்தேன். இரண்டாம் முறையும் ஏமாந்தார். மூன்றாம் முறை ஸ்டிக்கரை உரித்து என் நெற்றியில் ஒட்டினார்.

அடுத்த வாரம் குவீன்ஸ்டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஊசி நிஜமாகவே ஏறியது. "மாமா, சத்தியமா!" என்று கத்தினேன். "போதும் லா, வாலு," என்று சிரித்துக்கொண்டே ஓட்டினார். அடுத்த சிக்னலில் பானட்டுக்கடியிலிருந்து சாம்பிராணி போட்ட மாதிரிப் புகை. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலை வெடித்திருந்தது. மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்தச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமை காலை வண்டிக்கு வருடாந்திரப் பரிசோதனை. அதற்குள் ஓடவில்லை என்றால் ஸ்கிராப்புக்குத் தள்ளிவிடலாம் என்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார். இழுவை வண்டியில் போன கார் கிராஞ்சிப் பக்கம் ஒரு பட்டறையில் கிடந்தது. ரேடியேட்டர் வாங்க வேண்டியது லிட்டில் இந்தியாவில். சுமக்க வேண்டியது யார் என்று யாரும் கேட்கவே இல்லை.

காலை 9.05க்கு பிடோக் நார்த்தில் நீலத் தட ரயில் ஏறினோம். ஒரு ரகசியம்: லிட்டில் இந்தியா நிலையம்வரை இதே ரயிலில் உட்கார்ந்திருக்காதீர்கள். அது நகரத்தையே ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத்தான் இறக்கிவிடும். ஜாலான் புசாரில் இறங்கி நடந்தால் பத்தே நிமிடம். 9.40க்கெல்லாம் சையது ஆல்வி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், கூரைவரை உதிரிபாகம் அடுக்கிய கடைமுன் நின்றோம். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"இந்த மாடலுக்கு ஒரிஜினல் இப்ப வர்றதே இல்ல லா," என்றபடி பாய் ஒரு பளபளப்பான அலுமினிய ரேடியேட்டரை மேசைமேல் வைத்தார். "இது வேற வண்டிக்குள்ளது. நாலு சென்டி அகலம் கூட. ரெண்டு சென்டி கனம் கூட. தண்ணி போற ரப்பர் ஓஸ் மாட்டுற வாயும் வேற இடத்துல இருக்கு."

"பத்துல ஒரு பொருத்தம்கூட இல்லையே பாய்," என்றேன்.

"பொருத்தம் பாத்து முடிச்ச கல்யாணத்துலயே சண்டை வருது. இது பொருத்துறவன் கையில இருக்கும்மா." பிறகு மாமாவிடம், "பழசு எப்படி வெடிச்சது?" என்று கேட்டார்.

"இவகிட்டக் கேளுங்க," என்றார் மாமா. நான் கூரையில் தொங்கிய ஃபேன் பெல்ட்டுகளை எண்ணத் தொடங்கினேன்.

ரேடியேட்டர் 260 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்தான்), மெல்லிய மின்விசிறி ஒன்று 70 வெள்ளி. லிட்டில் இந்தியாவிலிருந்து டோபி காட் போய், சிவப்பு ரயிலுக்கு மாறி, கிராஞ்சி போய்ச் சேர ஒரு மணி நேரம். மடியில் கார்ட்போர்டு சுற்றிய ரேடியேட்டர், ஓரத்தில் மட்டும் அதன் தகடு வரிசை தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த குட்டிப் பையன், "அக்கா, அது என்ன?" என்றான்.

"ராட்சசனோட மவுத் ஆர்கன்டா. சத்தியமா."

அவன் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அந்த வார்த்தைய எவ்ளோ சீப்பா வச்சிருக்க நீ." நான் கார்ட்போர்டை இழுத்து, வெளியே தெரிந்த ஓரத்தையும் மூடினேன்.

கிராஞ்சியில் பேருந்துக்கு 25 நிமிடம் காத்திருந்தோம், இறங்கி வெயிலில் 12 நிமிடம் நடந்தோம். இரண்டு பக்கமும் செடி விற்கும் நர்சரிகள். ஊழியர்களை ஏற்றிய லாரி ஒன்று கடந்தபோது பின்னால் இருந்த ஓர் அண்ணன் ரேடியேட்டரைப் பார்த்துச் சலாம் போட்டார். எனக்கில்லை, ரேடியேட்டருக்கு.

பட்டறையில் மெக்கானிக் செல்வம் அண்ணன். புதுக்கோட்டைக்காரர், முப்பது வயது இருக்கும். ரேடியேட்டரை ஒருமுறை பார்த்தார், காரின் வாயை ஒருமுறை பார்த்தார். "உக்காந்துரும்," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பார்த்ததைச் சொல்ல எனக்கு வேறு வாய் வேண்டும்.

முதலில் ஒரு மைலோ அட்டைப்பெட்டியைக் கிழித்தார். அதை எஞ்சினுக்கு முன்னால் நுழைத்து, கிரீஸ் விரலால் எல்லா ஓரங்களையும் குறித்து, கத்தரித்து, அட்டையிலேயே ஒரு பொய் ரேடியேட்டர் செய்தார். அது எங்கெல்லாம் இடித்ததோ அங்கெல்லாம் வெட்டினார். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் அலுமினியப் பட்டையைத் தொட்டார். பட்டையை வளைத்துத் தாங்கிகள் செய்து, அடியில் தடித்த ரப்பர் வைத்தார். "இறுக்கிப் புடிச்சா நடுக்கத்துல கிழிஞ்சிரும். கொஞ்சம் ஆட விடணும்." பொய்யும் உருப்படியாக ஒரு வேலை செய்யும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சுவர் முழுக்கப் பாம்புப் பண்ணை மாதிரி கறுப்பு ஓஸ்கள். நூறாவது இருக்கும். ரேடியேட்டரின் கீழ்வாய் காருக்கு எதிர்த்திசையில் இருந்ததால் எந்தக் கார் ஓஸும் சேராது. அண்ணன் சுவரைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றார். ஏதோ லாரியின் ஓஸை உருவினார், இரண்டு இடத்தில் வெட்டினார், மாட்டினார். வளைவு அப்படியே படிந்தது. அளவுகோல் எடுக்கவே இல்லை! கனமான ரேடியேட்டர் இடத்தை அடைத்துக்கொண்டதால் பழைய விசிறிக்கு இடமில்லை, புது மெல்லிய விசிறியை முன்பக்கம் மாட்டினார். மாட்டும்போதே நான் அவருக்கு விசிறி ஆகிவிட்டேன். பார்க்கிற எல்லோருக்கும் தண்ணி காட்டும் நான், கூலண்ட் ஊற்றும் அவருக்குப் பயபக்தியோடு புனல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாலை 4.40க்கு வேலை முடிந்தது. கூலி 180 வெள்ளி. கிளம்பும்போது அண்ணன் மாமாவிடம் சொன்னார்: "புது ரேடியேட்டர் வாய் கொஞ்சம் தாழ்வா இருக்கு சார். உள்ள காத்து எங்கயாச்சும் மாட்டியிருக்கலாம். ஊசி நடுவத் தாண்டினா அந்த நிமிஷமே நிறுத்துங்க. இன்னொரு வாட்டி கொதிச்சா எஞ்சினே போயிரும்."

சாலையில் ஏறியதும் சிக்கல். மேற்கு வெயில் மீட்டர் கண்ணாடியில் நேராக அடித்தது. ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளிச்சம் மட்டும்தான். என் பக்கத்திலிருந்து சாய்ந்து பார்த்தால் ஊசி தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார் மாமா. "நீ பாத்துச் சொல்லு."

என் வாழ்க்கையில் எதையும் அப்படிப் பார்த்ததில்லை, தேர்வுத்தாள் உட்பட. இரண்டு கிலோமீட்டர், ஊசி நடுவில். மூன்று, நடுவில். நான்காவதில் ஒரு மயிரிழை நகர்ந்தது. பிறகு இன்னொன்று. தொண்டைவரை "சத்தியமா" வந்தது. விழுங்கிவிட்டேன்.

"மாமா, நிறுத்துங்க."

அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. இடது சிக்னல் டிக் டிக் என்றது. அடுத்த நொடி ஒரு நர்சரியின் சரளைக்கல் முற்றத்தில் கார் நின்று, எஞ்சின் அணைந்திருந்தது. மாமா கையைக் கண்ணாடிக்கு மேல் குடையாகப் பிடித்துக் குனிந்து பார்த்தார். ஊசி நடுவைத் தாண்டி ஒரு கோடு. சிவப்புக்கு இன்னும் தூரம் இருந்தது.

"நல்ல வேளை," என்றார்.

செல்வம் அண்ணனுக்குப் போன் செய்தோம். "சூடா இருக்கறப்ப மூடியத் தொறக்காதீங்க, மூஞ்சி வெந்துரும். நல்லா ஆறட்டும்." போகன்வில்லா தொட்டிகளுக்கு நடுவே ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். பிறகு மாமா துணியைப் போட்டு மூடியைத் திருகினார். கீழ் ஓஸை அமுக்கச் சொன்னார், அமுக்கினேன். கார் ஒரு நீண்ட ஏப்பம் விட்டது. காற்று! அரை பாட்டில் கூலண்ட் உள்ளே போனது. அங்கிருந்து பிடோக் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ஊசி நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. சிராங்கூனில் வாகன நெரிசலில் ஊர்ந்தபோதும் அசையவில்லை. மைலோ அட்டையில் பிறந்த ஒன்று இப்படி நிற்குமா என்று வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செய்ய நினைப்பவர்களுக்கு: வாங்கும் முன் அகலம், கனம், ஓஸ் வாய் மூன்றையும் அளந்து படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மூடியின் அழுத்த எண் பழையதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பழைய ஓஸ்களைத் தூக்கிப் போடாதீர்கள். பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்னால் பொருத்துங்கள். கிராஞ்சிக்குத் தொப்பி கட்டாயம். முதல் பயணத்தில் பக்கத்து இருக்கையில் ஊசியைப் பார்க்க ஒருவர் வேண்டும், நீங்கள் நம்புகிற ஆளாக.

திங்கள் காலை மாமாவிடமிருந்து ஒரு படம் வந்தது: பரிசோதனைத் தாள், பாஸ். கூடவே ஒரு வரி: "உண்மையா, இல்ல ஸ்டிக்கரானு நீயே கண்டுபிடி." மாமா வீட்டுக்குப் போய், தாளில் இருந்த அந்தப் 'பாஸ்' மேல் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

உரியவில்லை.