ஊசிக்கு அஞ்சு பிள்ளை வேணுமாம்

இன்றோடு மூன்று புதன்கிழமை ஆகிறது. என் மகளுக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி இன்னும் போட்டபாடில்லை.

சாரலில் அவளைத் துப்பட்டாவால் போர்த்திக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனால், நர்ஸ் சொல்கிறார்: "ஒத்தப் பிள்ளைக்கு மருந்து பாட்டில ஓப்பன் பண்ண முடியாதும்மா. பண்ணுனா நாலு மணி நேரந்தான், மிச்சம் வீணாப் போயிரும். அஞ்சு பிள்ளையாவது வரணும்."

"போன புதனும் இதத்தான சொன்னீங்க?"

"போன புதனும் அஞ்சு வரலியே!"

எரிச்சலோடு வெளியே வந்து, வாசல் எதிரே வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்றேன். எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள்.

"யக்கா, ஊசி போடுதாங்களா? ரெண்டு வாரமா அலையுதேன். ஆள் சேரலன்னு திருப்பித் திருப்பி அனுப்புதாவ."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே ஓடினேன். நர்ஸ் குழந்தைகளைப் பார்த்தார்.

"ரெண்டுதான இருக்கு?"

ஒன்பது மாதக் குழந்தை வைத்திருக்கும் தென்காசி அம்மாக்களே, அடுத்த புதன் காலை பத்து மணிக்கு யாரெல்லாம் வருகிறீர்கள்? இன்னும் மூன்று பிள்ளை போதும். கமெண்டில் கை தூக்குங்கள்.

தட்டம்மையும் அஞ்சு பேர் சேரட்டும் என்று காத்திருக்குமானால், அவசரமே இல்லை. மெதுவாக வாருங்கள்.