தாமோதரின் கடைசித் தாள்

என் வீட்டுக்காரர் கணேஸ்வரன் முட்டைச் சம்பல் சாப்பிடும் அழகை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சோற்றை முடிப்பார், கீரையை முடிப்பார், ரசத்தையும் குடித்து முடிப்பார். முட்டை மட்டும் தட்டின் ஓரத்தில் அப்படியே கிடக்கும். "ஏங்க, அதையும் சாப்பிட்டா தட்டைக் கழுவிடுவேன்" என்றால், "நல்லதை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது ராணி" என்பார். அப்புறம் அதை ஐஸ்பெட்டியில் வைத்து மறுநாள் சாப்பிடுவார். ஊறுகாய் போத்தலிலும் இப்படித்தான், ஷாம்பு போத்தலிலும் இப்படித்தான். புக்கிட் ரம்பாயில் இருக்கும் எங்கள் வீட்டில் முடியாத போத்தல்களுக்கென்றே ஓர் அலமாரி உண்டு. கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு இன்னும் பழகவில்லை.

இந்தக் குணத்தால்தான் சின்ன வயதில் அவருடைய ஒரு படக்கதைப் புத்தகம் போனது. அது போனதால் என் நிம்மதியும் போனது.

அப்போது அவர் குடும்பத்தார் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளிகளுக்கான லயத்து வீட்டில் இருந்தார்கள். மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் படக்கதைகள் மலாக்கா டவுனில் ஒரு பேப்பர் கடையில் கயிற்றில் தொங்கும். பஸ் ஏறிப் போய் அவர் வாங்கி வந்த புத்தகத்தின் பெயர் 'ஷாங்காய் சதியும் ஐந்து விரல் அடியும்'. அட்டையில் சிவப்பு மையால் 'கணேஸ்வரன் லைப்ரரி' என்று எழுதினாராம். லைப்ரரியில் மொத்தம் எத்தனை புத்தகம் இருந்தது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

கதை எனக்கு மனப்பாடம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ரகசிய உளவாளி தாமோதர், திருடுபோன ஒரு வரைபடத்தைத் தேடி ஷாங்காய் போகிறார். கோட்டும் டையும் கலையாமல் கராத்தே அடிக்கிறார். எதிரிகள் அவரைச் சூழ்ந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும், கறுப்புத் துணியால் முகத்தை மூடிய ஒருவன் கூரையிலிருந்து குதித்து, எல்லாரையும் அடித்துப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறான். அவன் யார் என்பது கடைசித் தாளில்தான் தெரியும்.

அந்தத் தாளை இவர் படிக்கவில்லை. நல்ல இடமாயிற்றே, நாளைக்குப் படிக்கலாம் என்று மூடி வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கூட்டாளி காந்தன் வந்து இரவல் கேட்டார். இவரும் கொடுத்தார். புத்தகம் திரும்பி வரவே இல்லை.

சரி, சின்னப் பிள்ளைகள் சமாசாரம், வளர்ந்ததும் மறந்துபோகும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு பேரும் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒரே ஷிப்ட், ஒரே கார். வீடு வாங்கியதும் ஒரே தாமானில், ஒரே குடியிருப்பில். தினமும் கார்க் கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள்.

"புத்தகம் எங்கடா?"

"அப்பவே கொடுத்துட்டேன்லா."

"எப்படா கொடுத்த?"

"தீபாவளிக்கு முன்னாடி. ஒனக்குத்தான் ஞாபகம் இல்ல."

அடுத்த சண்டை, முகமூடிக்காரன் யார் என்பது. செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த தாமோதரின் அண்ணன்தான் அது என்று இவர் சாதிப்பார். இல்லை, கராத்தே வகுப்பில் தாமோதரோடு சண்டை போட்டுப் பிரிந்து போன கூட்டாளிதான் என்பார் காந்தன் அண்ணன். கிளேபாங்கில் இரண்டு குடும்பமும் சேர்ந்து கோகோநட் ஷேக் குடிக்கப் போனால் அங்கேயும் இதே கதைதான். என் கிளாஸில் ஐஸ் கரைந்து தண்ணீராய்ப் போகும்வரை பேசுவார்கள். காந்தன் அண்ணனின் மகள் அகல்யா கல்யாணத்தில், மேடையேறி மொய்க் கவரை நீட்டிய கையோடு, "சீர்ல என் புத்தகம் இருக்காடா?" என்று கேட்டவர் இவர். எனக்கு மேடையிலிருந்து குதித்து ஓடலாம் போல் இருந்தது.

விட்டுக்கொடுப்பது என்பது அவர் ரத்தத்திலேயே கிடையாது. தப்பான ரோட்டில் போகிறோம் என்று போனில் இருக்கும் மேப் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். ரோட்டை மாற்றிவிட்டார்கள் என்பார். அண்ணனா கூட்டாளியா என்று என்னையும் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். "யாரா இருந்தா எனக்கென்ன, ஆளை விடுங்க" என்பதற்கு மேல் நான் வாய் திறந்ததில்லை.

போன மாதம் காந்தன் அண்ணன் மார்வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். செய்தி வந்தபோது இவர் அழவில்லை. சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். போட்ட சட்டைக்கே மறுபடியும் போட்டார். காரில் போகும்போது, "இனிமே யார்கிட்ட ராணி கேக்கிறது?" என்றார். துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்து என் மனசு இளகியது. "எங்கதான் வச்சிருந்தானோ" என்று அடுத்த வார்த்தை வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீட்டுக்குப் போகிற நேரத்திலுமா புத்தகம்? "அங்க போயி இதைப் பேசினீங்க, நான் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிடுவேன்" என்று கண்டித்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போனவருக்குப் பிடித்த சாமான்களைச் சவப்பெட்டிக்குள் வைத்து அனுப்புவோம். காந்தன் அண்ணனின் மூக்குக் கண்ணாடி, சீப்பு, எண்ணெய் ஆலைத் தொப்பி எல்லாம் வைத்திருந்தார்கள். வாய்க்கரிசி போட வரிசையில் நின்றபோது நான்தான் முதலில் பார்த்தேன். நெஞ்சின் மேல், ரோஜா மாலைக்கு அடியில், பழுப்பேறிய ஒரு புத்தகம் இருந்தது. அட்டையில் சிவப்பு மை.

முந்தானையை விரித்து மறைத்துக்கூடப் பார்த்தேன். எங்கே மறைப்பது, ரோட்டில் கிடக்கும் போல்ட்டைக்கூடக் காரை நிறுத்திப் பொறுக்குகிற மனிதர் அவர். அரிசிக்குப் போகவேண்டிய கை பெட்டிக்குள் போனது. மாலையை ஒதுக்கிப் புத்தகத்தை எடுத்தே விட்டார்.

"பார்த்தியா ராணி. நான் சொன்னேன்ல, இவன்கிட்டதான் இருக்குன்னு."

மெதுவாகச் சொன்னதாக அவர் நினைப்பு. வாசலில் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சடங்கு செய்துகொண்டிருந்த கந்தசாமி அண்ணன் மணியைக் கீழே வைத்தார். "கணேசு, பெட்டியில வச்சதை எடுக்கக் கூடாதுப்பா" என்றார். இவர் காதில் அது விழவில்லை. நின்ற இடத்திலேயே பக்கங்களைப் புரட்டிக் கடைசிக்குப் போனார். கடைசித் தாள் இல்லை. கிழித்த ஓரம் மட்டும் புத்தகம் தைத்த கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

அகல்யா எழுந்து வந்தாள். அழுது அழுது குரல் கட்டிப் போயிருந்தது.

"மாமா, நான்தான் வச்சேன். அப்பாதான் முன்னாடியே சொல்லி வச்சிருந்தாரு, நான் போனா பெட்டியில வச்சிடு, கணேசு கண்டிப்பா பார்ப்பான், அவன் கேட்டா மட்டும் விஷயத்தைச் சொல்லுன்னு."

"என்னா விஷயம்?"

அவள் சொன்னாள். புத்தகத்தை இரவல் வாங்கிய மறுநாள் காந்தன் அண்ணன் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். தீபாவளி வருகிறதென்று அவருடைய அம்மா குஞ்சம்மா, பலகைச் சுவரின் இடுக்குகளை மறைக்கச் சோற்றுக் கஞ்சியால் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் கடைசித் தாளில் பக்கம் முழுக்க ஒரு படம். முகத்தை மூடிய ஆள், ஒரு காலைப் பாறைமேல் வைத்து, கையில் பெரிய கத்தியை ஓங்கி நிற்கிறான். பின்னால் நிலா. சாட்சாத் முனியாண்டியே வீடு தேடி வந்துவிட்டார் என்று அவர் நினைத்துவிட்டார். தாளைப் பக்குவமாய்க் கிழித்து, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டி, திருநீறு பூசி, பொட்டு வைத்து, சூடமும் காட்டிவிட்டார்.

"அப்பா திரும்பி வந்து அதை உரிக்கப் போனாராம். பாட்டி கன்னத்துலயே ஒண்ணு போட்டாங்களாம். அந்த வாரம் தாத்தாவுக்கு விடாம இருந்த காய்ச்சல் வேற விட்டுடுச்சு. அப்புறம் எங்க மாமா உரிக்கிறது? முகமூடி யாருன்னு போட்டிருந்தது பின்பக்கத்துல. அது பலகையோட ஒட்டிக்கிச்சு. தோட்டத்தை அழிச்சப்ப லயமும் போச்சு, பலகையும் போச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிச் சொல்றது? தெரிஞ்சா தோட்டமே பாட்டியைப் பார்த்துச் சிரிக்கும். பாட்டி சாகுற வரைக்கும் அந்த முனியாண்டியைத்தான் கும்பிட்டாங்க. அதான் அப்பா, நான் பொய்யனாவே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டாரு."

பின்னால் யாரோ சிரிக்கப் போய் இருமலாக மாற்றிக்கொண்டார்கள். இவர் புத்தகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அவனும் படிக்கலையா?"

"இல்ல மாமா. யாருன்னு தெரியாமலே போயிட்டாரு."

இவர் அட்டையின் மடிந்த முனையைக் கட்டை விரலால் நீவி விட்டார். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்து மாலையை மேலே இழுத்து விட்டார். அரிசியை எடுத்து வாயில் போட்டார். அப்புறம் குனிந்து, காந்தன் அண்ணனின் காதருகே வாயை வைத்து ஏதோ சொன்னார். பின்னால் வரிசை நிற்கிறது, இவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். கந்தசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

திரும்பி வரும்போது காரில், "அத்தனை பேர் முன்னாடி காதுல என்னாத்த சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"முகமூடிக்காரன் யாருன்னு சொன்னேன்."

"ஒங்களுக்கே தெரியாதே."

"தெரியாதுதான். நீ சொன்னதுதான்டா சரி, அது கூட்டாளிதான்னு சொன்னேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நீ சொன்னதுதான் சரி என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து ஒரு தடவையாவது வாங்கிவிட நான் கல்யாணமான நாளிலிருந்து படாத பாடு பட்டிருக்கிறேன். அதைக் கொண்டுபோய்க் காது கேட்காத மனிதரிடம் கொடுத்துவிட்டு வருகிறார்.

சிக்னலில் கார் நின்றது. விளக்கு பச்சைக்கு மாறியும் அவர் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ஆனா ராணி, அது அண்ணன்தான்" என்றார். குரல் உடைந்து, மூக்குக் கண்ணாடிக்கு அடியில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

யாராயிருந்தால் எனக்கென்ன என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். காந்தன் அண்ணன் உட்காருகிற சீட்டில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

"அதெல்லாம் இல்லலா" என்றேன். "கூட்டாளிதான்."

"ஒனக்கு என்னா தெரியும்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் காரை எடுத்தார்.