அமாவாசையன்று எண்ணிய தறிகள்

பள்ளிக்கூடத்தில் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைப்பது என் வேலை. என் படிப்பு ஐந்தாவதோடு சரி. அப்படிப்பட்டவளிடம் பதினோராம் வகுப்புப் பெண்கள் மூன்று பேரை ஒப்படைத்து, "முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க விடாதீங்கம்மா" என்று டீச்சர் போனில் சொன்னார். அவருக்குக் காய்ச்சல். வருஷக் கடைசி ஆய்வுக் கட்டுரை அன்று நாலு மணிக்குள் ஹெச்.எம். மேஜைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் மூன்று பேருக்கும் அதற்கு மார்க் கிடையாது.

ஆய்வு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

நெட்டையான பெண் சத்தமாகப் படித்தாள். "ஞாயிறு காலை அத்தெருவின் எல்லா வீடுகளுக்கும் சென்றோம். எங்கும் தறி ஓடவில்லை. எனவே அங்கு நெசவு நின்றுவிட்டது."

அது எங்கள் தெரு. அவள் அடுத்துப் படித்த பட்டியலில் எங்கள் கதவு எண் இருந்தது, பக்கத்தில் 'தறி இல்லை' என்று. அன்று காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதுகூட என் மகன் தறியில்தான் இருந்தான். பிறகு ஏன் இப்படி எழுதினார்கள்?

அப்புறம்தான் பிடிபட்டது. அந்த ஞாயிறு அமாவாசை. அமாவாசையன்று எங்கள் பக்கம் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். இந்தப் பெண்களில் இரண்டு பேர் முசரவாக்கம், ஒருத்தி வாலாஜாபாத். தறி இல்லாத வீட்டுப் பிள்ளைகள். யாரிடமும் கேட்காமல், வாசலில் நின்று சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். என் வாசலிலும் நின்றார்கள். ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று நான்தான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

சொல்லலாமா, கூடாதா? உட்கார வைக்கத்தானே என்னை வைத்தார்கள்? குடத்தை எடுக்கிற சாக்கில் மெதுவாகச் சொன்னேன்.

"அன்னிக்கு அமாவாசைம்மா. யாரும் நெய்ய மாட்டாங்க."

"இன்னா ஆயா, நாங்க நேர்ல போய்ப் பார்த்துக்கினு வந்தோம்!" என்றாள் நெட்டைப் பெண்.

"நீங்க பார்த்தது நெசந்தான். ஆனா சரியில்லையே."

"நெசம்னா சரிதானே? கொழப்பாதீங்க ஆயா."

எனக்கே குழப்பம். கட்டுரையின் முதல் பக்கத்தைச் சுற்றிப் பூ பார்டர் போட்டுக்கொண்டிருந்தவள் அழ ஆரம்பித்தாள். "ஓசையில்லாத தெருன்னு தலைப்ப கலர்ல எழுதிட்டேன்பா!"

எழுந்திருக்க விடாதே என்று சொல்லப்பட்ட நானே அவர்களை எழுப்பினேன். சாப்பாட்டு வேளை. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு எங்கள் தெருவுக்கு நடந்தோம். தெரு திரும்பும்போதே தறிச்சத்தம் கேட்டது.

"அடிப்பாவி, இம்மாஞ் சத்தமா!" என்றாள் அழுதவள்.

வாசலுக்கு வாசல் குறித்துக்கொண்டே போனார்கள். ஒரு வீட்டில் சத்தம் இல்லை; இல்லை என்று எழுதினார்கள். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒருவர் தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலின் நுனியில் புதுப் பாவு நூலை இழை இழையாக முடிந்துகொண்டிருந்தார்.

"இதுவும் வேலைதாம்மா."

"சத்தமே வரலியே ஆயா?"

"இழையெல்லாம் முடிஞ்சி தீர்க்கிற வரைக்கும் சத்தம் வராது."

அடுத்த வீட்டிலும் சத்தமில்லை. "இங்கயும் அப்படித்தான்" என்றேன். எட்டிப் பார்த்தால் தறியே இல்லை. அந்த இடத்தில் கட்டில் கிடந்தது. அதற்கு மேல் எனக்கும் என் மேல் நம்பிக்கை போயிற்று.

"கேட்டுடலாம். உங்க தெருதானே, நீங்களே கூப்புடுங்க" என்று என்னை முன்னால் தள்ளினார்கள். பல வருஷம் பார்த்த முகங்கள்தான், ஆனாலும் நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். நெட்டைப் பெண்தான் ஒவ்வொரு வீட்டிலும் "அக்கா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டாள்.

திரும்பி வந்தபோது முழுவதையும் மறுபடி எழுத நேரமில்லை. பழைய பக்கங்களைக் கிழிக்கணும் என்றாள் ஒருத்தி. கிழிக்காதே என்றாள் இன்னொருத்தி. இதுவரை வாயே திறக்காத மூன்றாமவள், "ஆயா, நீங்க சொல்லுங்க" என்றாள். எனக்கு என்ன தெரியும்?

"ரெண்டும் இருக்கட்டுமே" என்றேன். அப்படி வைக்கலாமா என்று தெரியாமலேதான் சொன்னேன்.

கேட்டு வந்ததை இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்தார்கள். கலர்த் தலைப்புக்குக் கீழே சின்னதாக 'அமாவாசையன்று மட்டும்' என்று போட்டார்கள்.

நாலு மணிக்குச் சற்று முன்னால் ஹெச்.எம். அதைப் புரட்டினார். "இது என்ன தலைப்பு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு நெய்ய மாட்டாங்கம்மா" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் கையெழுத்துப் போட்டு மற்ற கட்டுரைகளோடு அடுக்கினார். அது ஆய்வாகத்தான் இருந்ததா என்று டீச்சரிடம் இன்னும் நான் கேட்கவில்லை.