பூச்சாடிக்குள் ஒளித்த மைக்

எல்லா ஒலியையும் சேர்த்து முடிக்கும் மிக்ஸிங்குக்கு ஒரு வாரம்கூட இல்லை. படத்தின் முக்கியமான சாப்பாட்டுக் காட்சியில் உயிரே இல்லை.

ரொறன்ரோவில் சவுண்ட் எடிட்டராக நான் வேலைசெய்த கடைசிப் படம் அது. ஒரு யூதப் பையன், ஆட்கள் நிறைந்த வீடு. வெள்ளிக்கிழமை விருந்தில் தன் காதலைச் சொல்லிவிடுகிறான். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சிரிப்பே அந்தச் சத்தத்தில்தான். ஆனால் படப்பிடிப்பில், பையனின் வசனம் தெளிவாகப் பதிவாகவேண்டும் என்று மற்றவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். சத்தத்தைப் பிறகு நாங்கள் சேர்க்கவேண்டும்.

ஆட்களைக் கூப்பிட்டுப் பேசவைத்துப் பதிந்தேன். சொந்த வீட்டுக் கதையைப் படமாக்கிய இயக்குநர் ஹெட்போனைக் கழற்றிவைத்தார். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறாரே, எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் காத்திருந்ததில்லையே என்றார்.

எங்கள் வீட்டிலும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவில் எங்கள் வீடு நிறைய உறவினர்கள். அந்த வார ஞாயிறு மேசைப் பூச்சாடிக்குள் சின்ன மைக் ஒன்றை ஒளித்தேன். சொன்னால் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. வழக்கமாகச் சாப்பாட்டுக் கோப்பையோடு பேஸ்மென்ற் வேலையறைக்கு இறங்கிவிடும் நான், அன்று மைக்கைக் காவல்காத்து அங்கேயே இருந்தேன்.

"என்ன அத்தான், வழி தவறி வந்திட்டியளோ?" என்றான் மனைவி ராணியின் தம்பி சிவா.

"சும்மா இரடா. மனுசன் ஒருநாளைக்கு எங்களோட இருந்து சாப்பிடட்டும்." ராணி கேட்காமலே எனக்கு இன்னும் குழம்பு விட்டாள்.

அந்தப் பதிவைச் சொற்கள் புரியாதபடி பையனின் வசனத்துக்கு அடியில் கலந்தேன். இயக்குநர் கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

திரையிடலில் அரங்கமும் சிரித்தது. ராணி மட்டும் என் கையைப் பிடித்தாள்.

"உது எங்கட சிவாவின்ர சிரிப்பெல்லே?"

"ஓம்."

"அப்ப அண்டைக்கு நீங்கள் எங்களோட இருந்தது உதுக்கோ?"

அதற்கும் ஓம் என்றேன். அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "படத்தில என்ர பேர் போட்டிருக்கினமோ?" என்று மட்டும் சிவா கேட்டான். ராணி பூச்சாடியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அந்தப் பதிவை மறுபடி கேட்டுப் பார்த்தேன். எல்லார் குரலும் இருந்தது. என் குரல் ஒரு இடத்திலும் இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சொந்த வீடென்றாலும் கேட்டுவிட்டுப் பதியுங்கள். அதற்குமுன், வேலை இல்லாத நாளிலும் அந்த மேசையில் இருங்கள்.

அன்றுமுதல் நான் பேஸ்மென்றில் சாப்பிடுவதில்லை. போன ஞாயிறு பூச்சாடி திரும்பி வந்திருந்தது. ராணி அதை என் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்.

"ஒண்டுமில்லை. இருந்து சாப்பிடுங்கோ."