கரவனுக்குள் காய்ச்சிய இறைச்சிக்கறி

போன சனிக்கிழமை கெல்சென்கிர்ச்சன் நகரத்துச் சந்தையில் ஒரு பழைய கரவனுக்குள் நின்று கோப்பி விற்றார்கள். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போவார்களே, அந்தச் சில்லு வைத்த வீடுதான். இளசுகள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். நானும் தலையை உள்ளே நீட்டினேன். கோப்பி மணத்துக்கு அடியில் அதே ஈரப் பஞ்சு நாற்றம். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், தொண்ணூறுகளில் எங்களிடமும் அப்படி ஒன்று இருந்தது. அகதி விடுதியில் பொதுக் கக்கூசுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து, எங்களுக்கென்று ஒரு குளியலறை கிடைத்த கையோடு, என் மனுசன் ஒரு பழைய காரையும் அதைவிடப் பழைய கரவனையும் வாங்கிவந்தார். எலி குடும்பம் நடத்திய மெத்தை. யாரோ ஒரு கிழவனின் சுருட்டு மணக்கும் திரைச்சீலை. எதையும் மாற்றக்கூடாதாம், எல்லாம் அந்தக் காலத்துச் சாமானாம். நான் ஆத்திரத்தில் அரைப் போத்தல் கொலோனை உள்ளே தெளித்தேன். செத்த எலிக்கு வாசனை பூசியது போல் ஆனதுதான் மிச்சம்.

பெற்றோல் அடிக்கிற இடத்தில் பழைய வாகனக்காரர் கழகத்தின் தலைவர் இவருடைய காரைத் தடவிப் பார்த்து, பெயர் கேட்டு, கைகுலுக்கி, வார இறுதி ஒன்றுகூடலுக்கு வரச்சொல்லியிருந்தார். அங்கே எல்லாருக்கும் பிடித்துப்போனால் கழகத்தில் சேர்ப்பார்களாம். தொழிற்சாலையில் ஒருவரும் பெயர் கேட்டிராத மனுசனுக்கு அன்றிலிருந்து நித்திரையில்லை.

"இஞ்சரும், முதல் முதல் வெறுங்கையோட போகேலாது. எல்லாருக்குமாச் சமைப்பம்," என்றார்.

"அவையள் கேட்டவையே?"

"கேட்டாத்தான் குடுக்கிறதே?"

மைதானத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் தன் மேசையில் தன் தன் சொசேஜோடு இருந்தது. நான் கரவன் கதவைத் திறந்து வைத்துப் பெரிய பானையில் ஆட்டிறைச்சி காய்ச்சினேன். ஈர நாய்களும் பியர் ஏப்பமும் ஒரு பக்கம். கரவன் கக்கூசு வாளிகளை என் மூக்குக்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு, காலை வணக்கம் சொல்லிப் போனார்கள். அது அங்கே ஒருவருக்கும் மணக்கவில்லை. என் கறித்தூள்தான் மணந்தது.

தலைவர் சிரித்த முகத்தோடு வந்தார். மெல்லிய குரலில், இந்த மணம் பழைய வாகனங்களின் இருக்கைத் துணிகளில் ஏறினால் இறங்காது, பக்கத்தில் உள்ளவர்களுக்கும் சாப்பிட முடியவில்லை என்றார்.

இவர் தலையை ஆட்டி ஆட்டி மன்னிப்புக் கேட்டார். பிறகு பானையைத் தூக்கினார். காட்டுப் பக்கம் கொண்டுபோகிறாராக்கும் என்று நினைத்தேன். நேரே அந்த வாளிகளைக் கவிழ்க்கிற குழிக்குப் போய், எல்லாரும் பார்க்க, முழுவதையும் ஊற்றினார். அந்தச் சனத்தின்மேல் எனக்கு வந்த அருவருப்பைவிட, இளித்துக்கொண்டு வெறும் பானையோடு திரும்பிவந்த இவர்மேல் வந்ததுதான் கூட.

கழகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சில கோடைகள் போய்வந்தார். நான் போகவில்லை. பிறகு கரவனை விற்றார், கார் துருவேறிப் போனது. அவை தொலைந்ததில் எனக்கு ஒரு துளி கவலையும் இல்லை.

முன்பெல்லாம் எங்கள் அடுப்பில் இறைச்சி கொதித்தால் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும். படியேறிப் போகிறவர் யாராக இருந்தாலும், "வாங்கோ, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று இவர் மறிப்பார். இப்போது நான் தாளிக்கத் தொடங்கினாலே எழுந்துபோய் யன்னல்களைச் சாத்திவிட்டு வந்து உட்காருகிறார்.